எச்சில் சுரப்பியில் ஆண்–பெண் வேறுபாடு: சுண்டெலியா, ரேட்டா, ஹாம்ஸ்டரா, கணினியா?

ப்ராஜெக்ட் தலைப்பு முடிவு செய்யும் மாதம் வந்தால் இந்தக் கேள்வி யாராவது ஒருவரிடமிருந்து வந்துவிடுகிறது. இந்த முறை கேட்டவர் குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வேலூர் வந்துபோகும் எம்எஸ்சி விலங்கியல் மாணவி. "மேடம், எலியோட எச்சில் சுரப்பியில ஆணுக்கும் பெண்ணுக்கும் ஜீன் எக்ஸ்பிரஷன் வேற வேறன்னு படிச்சேன். அதையே எடுக்கலாம்னு இருக்கேன். ஆனா மௌஸா ரேட்டான்னு தெரியல. ஒரு சார் ஹாம்ஸ்டர்தான் சரிங்கறார். இன்னொருத்தர் எலியே வேணாம், கம்ப்யூட்டர்லயே முடிச்சிடுங்கறார்."

நான்கு வழியிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் குழப்பம். அவரிடம் பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் விலங்கியல், உயிர்த்தொழில்நுட்பம், பல் மருத்துவம் படிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

முதலில் ஒரு சிறு முன்கதை. சுண்டெலியின் கீழ்த்தாடைச் சுரப்பி ஆணில் ஒரு மாதிரியும் பெண்ணில் வேறு மாதிரியும் இருப்பதை 1940-இல் பிரான்சின் லக்காசான்யே எழுதினார். பாம்பு விஷத்தில் நரம்பு வளர்ச்சிக் காரணி நிறைய இருப்பதைப் பார்த்த ஸ்டான்லி கோஹன், விஷப்பைக்கு நிகரான உறுப்பு பாலூட்டியில் எச்சில் சுரப்பிதானே என்று யோசித்து ஆண் சுண்டெலியின் சுரப்பிக்குப் போனார். அங்கே அது கொட்டிக் கிடந்தது. அதே சாற்றைப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தியபோது, கண்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் திறந்தன. அதைத் தொடர்ந்துபோய் 1962-இல் மேல்தோல் வளர்ச்சிக் காரணியான ஈஜிஎஃப்-ஐப் பிரித்தெடுத்தார். 1986-இல் அவருக்கும் ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சாதாரண எச்சில் சுரப்பிதானே என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

விலங்கின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். கீழே உள்ள ஐந்து கேள்விகளுக்கும் உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

ஒன்று, வேறுபாடு எவ்வளவு பெரியது? சிறிய வேறுபாட்டைப் பிடிக்க நிறைய விலங்குகள் வேண்டும். இரண்டு, வேறுபாடு இருக்கிறது என்று காட்டினால் போதுமா, அதற்கு ஹார்மோன்தான் காரணம் என்றும் நிரூபிக்க வேண்டுமா? இவை இரண்டு தனித்தனி வேலைகள். பாதிப் பேர் முதலாவதைச் செய்துவிட்டுத் தலைப்பில் இரண்டாவதை எழுதுகிறார்கள். மூன்று, கையில் கிடைக்கும் திசு எவ்வளவு, அதில் எந்தெந்த செல்கள் கலந்திருக்கின்றன? நான்கு, அனுமதிக்கும் வளர்ப்புக்கும் எத்தனை மாதம் இருக்கிறது? ஐந்தாவது நம் ஊருக்கே உரியது: வெயிலும் மின்தடையும்.

| | சுண்டெலி | விஸ்டார் ரேட் | சிரியன் ஹாம்ஸ்டர் | பொதுத் தரவு |
|---|---|---|---|---|
| வேறுபாடு | ஸ்லைடிலேயே தெரியும் | சில ஜீன்களில் மட்டும் | சில புரதங்களில் மிகத் தெளிவு | தரவைப் பொறுத்தது |
| ஹார்மோன்தான் காரணம் எனக் காட்ட | எளிது | முடியும் | முடியும், ஒளி நேரம் தவறக் கூடாது | பெரும்பாலும் முடியாது |
| திசு | குறைவு, ஆனால் போதும் | தாராளம் | போதும் | தேவையில்லை |
| வெயில், மின்தடை | கவனம் வேண்டும் | மிகுந்த கவனம் வேண்டும் | வெப்பம், வெளிச்சம் இரண்டிலும் கவனம் | சிக்கல் இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | ஆண்களின் சண்டை, செல் கலவை | எதிர்பார்த்த ஜீனில் வேறுபாடு இல்லாமல் போவது | கிடைப்பது அரிது, பிரைமர் (ஜீனைப் பிடித்துப் பெருக்க உதவும் சிறு டிஎன்ஏ துண்டு) சிக்கல் | பாலினம் குறிக்காத மாதிரிகள் |

## சுண்டெலி

என் சாய்வு இதன் பக்கம்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

சுண்டெலியின் கீழ்த்தாடைச் சுரப்பியில் சிறுமணிச் சுருள் குழல் என்று ஒரு பகுதி உண்டு. ஆய்வகத்தில் ஜிசிடி என்றே சொல்வோம். ஆணில் அது தடித்து, வளைந்து, உள்ளே மணிமணியாக நிறைந்திருக்கும். பெண்ணில் ஒல்லியாக, மணிகள் குறைந்து இருக்கும். ஈஜிஎஃப், நரம்பு வளர்ச்சிக் காரணி, ரெனின், கல்லிக்ரீன் குடும்பத்து நொதிகள் எல்லாம் இந்தக் குழல் செல்களில்தான் உருவாகின்றன. ஆணின் சுரப்பியில் ஈஜிஎஃப்-உம் நரம்பு வளர்ச்சிக் காரணியும் பெண்ணில் இருப்பதைவிடப் பத்து மடங்கு அளவில் கூடுதலாக இருக்கும். இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காண ஒரு பாலுக்கு ஆறு விலங்குகள் இருந்தாலே போதும்.

காரணத்தைக் காட்டுவதும் இதில் நேரடியானது. எருதுவிடும் விழா நடக்கும் ஊர்க்காரர்களுக்குக் காளைக்கும் காயடித்த மாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லத் தேவையில்லை. அதே தர்க்கம்தான் இங்கும். ஆண் சுண்டெலியைக் காயடித்துச் சில வாரம் விட்டால் ஜிசிடி சுருங்கும், அந்த ஜீன்களின் வெளிப்பாடும் இறங்கும். டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் திரும்ப ஏறும். பெண்ணுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் அவளுடைய சுரப்பி ஆணுடையதைப் போல மாறும். ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பியில் பிறவியிலேயே பழுது உள்ள டிஎஃப்எம் சுண்டெலியில் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தாலும் இந்த மாற்றம் வருவதில்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனியாகச் சோதிக்க முடிகிறது என்பதே இதன் பலம்.

அறுவை சிகிச்சைக்கு ஆளும் வசதியும் இல்லாத கல்லூரிக்கு நான் சொல்லும் வழி வேறு. பால் மறக்கும் மூன்றாவது வாரத்தில் ஆண், பெண் சுரப்பிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பருவம் வரவர ஆணில் ஜிசிடி விரியும். 3, 5, 8, 10 வாரங்களில் இரு பாலிலும் எடுத்துப் பார்த்தால், பருவ ஹார்மோனோடு வேறுபாடும் சேர்ந்து எழுவதைக் காட்டலாம். அது முழு நிரூபணம் ஆகாது. ஆனால் ஒருமுறை மட்டும் ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டு நிறுத்துவதைவிட எவ்வளவோ மேல். கத்தி தேவைப்படாத இன்னொரு வழி ஃப்ளூட்டமைட் என்ற மருந்தைக் கொடுத்து ஆண்ட்ரோஜன் ஏற்பியை அடைப்பது. அதற்குக் கல்லீரலைப் பாதிக்கும் குணம் உண்டு என்பதால் அளவையும் நாட்களையும் பார்த்து வைக்க வேண்டும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். இந்தத் துறையில் நான் அதிகம் கற்றது இங்கேதான்.

முதலாவது செல் கலவை. ஒரு கணக்குக்கு, பெண்ணின் சுரப்பியில் நூறு செல்லுக்குப் பத்து ஜிசிடி, ஆணின் சுரப்பியில் நாற்பது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஜிசிடி செல்லும் சம அளவு ஈஜிஎஃப் ஆர்என்ஏ-வைச் செய்தாலும், முழுச் சுரப்பியை அரைத்து அளந்தால் ஆணில் நான்கு மடங்கு என்று வரும். ஆம்பூரில் இரண்டு தேக்சா பிரியாணி இறக்குகிறார்கள், ஒன்றில் கறி கூடுதல் என்றால், அதில் கறி ருசி தூக்கலாகத் தெரியும். ஒவ்வொரு துண்டும் அதிக ருசி என்று அதற்குப் பொருள் இல்லை. ஆகவே, ஹார்மோன் ஜீனைத் தூண்டியதா, அந்த ஜீனைச் செய்யும் செல்லைப் பெருக்கியதா என்ற கேள்வியை ஆய்வேட்டில் நீங்களே எழுப்ப வேண்டும். வைவாவில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் எழுப்பும்வரை காத்திருக்காதீர்கள். அதற்கு வழி எளிது. இடது சுரப்பியை ஆர்என்ஏ-வுக்கு எடுங்கள், வலது சுரப்பியை ஃபார்மலினில் போடுங்கள். ஹெச் அண்ட் ஈ சாயம் போட்ட ஸ்லைடில் ஜிசிடி எத்தனை பங்கு பரப்பு பிடித்திருக்கிறது என்று அளந்து, ஜீன் அளவுக்குப் பக்கத்தில் வையுங்கள். பிசிஆர் கிட் விலையோடு பார்த்தால் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

இரண்டாவது சண்டை. ஒரே கூண்டில் வளரும் ஆண்கள் கடித்துக்கொள்ளும். சண்டையிட்ட ஆண் சுண்டெலியின் சுரப்பியிலிருந்து நரம்பு வளர்ச்சிக் காரணி ரத்தத்தில் கொட்டுவதை லெவி-மொண்டால்சினி குழுவே 1986-இல் காட்டியது. அடி வாங்கிய எலியும் அடித்த எலியும் ஒரே 'ஆண்' கணக்கில் சேர்ந்தால் உங்கள் பிழைக்கோடு நீண்டுகொண்டே போகும். பிறந்ததிலிருந்து ஒன்றாக இருக்கும் சகோதரர்களைப் பிரிக்காமல் வையுங்கள். பின்னாலும் வாலிலும் காயம் தெரிகிறதா என்று தினமும் பார்த்துக் குறியுங்கள்.

மூன்றாவது, இனம். ரெனினை உங்கள் ஜீனாக எடுத்திருந்தால் இது முக்கியம். டிபிஏ/2, ஏகேஆர், ஸ்விஸ் போன்ற இனங்களில் ரெனின் ஜீன் இரண்டு. எச்சில் சுரப்பியில் ரெனின் ஏராளமாக வருவது அவற்றில்தான். சி57பிளாக்6, பால்ப்-சி இனங்களில் ஒரே ஜீன்தான், சுரப்பியில் ரெனினும் குறைவு. இனத்தைப் பார்க்காமல் ரெனின் பிரைமர் வாங்கிவிட்டுப் பட்டை வரவில்லை என்று வருந்தியவர்களை எனக்குத் தெரியும். கல்லிக்ரீனிலும் பொறி உண்டு. சுண்டெலியில் அந்தக் குடும்பத்தில் ஒன்றையொன்று உரித்து வைத்த மாதிரி பத்துக்கும் மேற்பட்ட ஜீன்கள் உண்டு. ஒன்றுக்குப் போட்ட பிரைமர் பக்கத்து ஜீனையும் பெருக்கும். முதல் ப்ராஜெக்ட் என்றால் ஈஜிஎஃப் எடுங்கள்.

கடைசியாக, குட்டி போட்டு ஓய்ந்த பெண்களை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் பெண் சுரப்பியிலேயே ஈஜிஎஃப் அளவு மாறும். ஒரே வயது, இணை சேராத பெண்கள்தான் வேண்டும்.

## ரேட்

நம் பக்கத்து அனிமல் ஹவுஸ்களில் எளிதாகக் கிடைப்பது விஸ்டார் ரேட். பிடிக்க எளிது, சுரப்பி பெரியது. ஒரே விலங்கிலிருந்து ஆர்என்ஏ, புரதம், ஸ்லைடு மூன்றுக்கும் தாராளமாகப் பங்கு வரும்.

ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். சுண்டெலியில் கண்ணைப் பறிக்கும் ஜிசிடி வேறுபாடு ரேட்டில் அந்த அளவுக்கு இல்லை. சுண்டெலிக் கட்டுரைகளைப் படித்துவிட்டு ரேட்டில் ஈஜிஎஃப் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ரேட்டுக்கு என்று உள்ள ஜீனைத் தேட வேண்டும். எஸ்எம்ஆர்1 என்ற ஜீன் ஆண் ரேட்டின் கீழ்த்தாடைச் சுரப்பியில் பருவத்துக்குப் பின் ஆண்ட்ரோஜனின் தூண்டலால் ஓங்கி வெளிப்படும். அதன் புரதத்திலிருந்து உடைந்து வருவது சயலார்ஃபின் என்ற ஐந்து அமினோ அமிலத் துண்டு. உடலின் சொந்த வலிநிவாரணியான என்கெஃபலினைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் நடந்த வேலை இது. வலி, நடத்தை, மருந்தியல் பக்கம் ஆர்வமுள்ளவர்களுக்கு ரேட்டும் எஸ்எம்ஆர்1-உம் நல்ல ஜோடி. மற்றவர்கள் மலிவு என்பதற்காக மட்டும் ரேட்டை எடுக்க வேண்டாம்.

## ஹாம்ஸ்டர்

இதைச் சொன்ன சாருக்கு ஒரு நல்ல காரணம் இருந்திருக்கும். ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பி நிறுவனத்தில் சிரியன் ஹாம்ஸ்டரை வைத்து நடந்த வேலை இந்தத் துறையில் நம் நாட்டுப் பங்களிப்பு. ஆணின் கீழ்த்தாடைச் சுரப்பியில் ஏராளமாக உள்ள 24, 20.5 கிலோடால்டன் புரதங்கள் பெண்ணின் அதே சுரப்பியில் இல்லை. ஆனால் பெண்ணின் கண்ணீர்ச் சுரப்பியில் அவை உண்டு. ஒரே விலங்கு, ஒரே வகைப் புரதம், இரண்டு சுரப்பிகளில் நேர் எதிரான போக்கு. முதன்முதலில் இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

அழகான கேள்விதான், ஆனால் ஆறு மாத எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். விலங்கு எளிதில் கிடைப்பதில்லை. சுண்டெலிக்கு இருப்பதுபோல் ஆயத்தப் பிரைமர், ஆன்டிபாடி இதற்குக் குறைவு. அதைவிடப் பெரிய சிக்கல் வெளிச்சம். ஹாம்ஸ்டர் பருவகாலத்துக்கு ஏற்ப இனம்பெருக்கும் விலங்கு. பகல் பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்தால் ஆணின் விந்தகம் சுருங்கி டெஸ்டோஸ்டிரோன் விழும். 14 மணி நேரம் வெளிச்சம் என்று வைத்த டைமர் மின்தடையில் தடம்மாறி, வாரக்கணக்கில் யாரும் கவனிக்காமல் போனால், நீங்கள் அறியாமலே காயடித்ததற்குச் சமம். மூன்று நான்கு வருடம் கையில் உள்ள பிஎச்டி மாணவருக்கு, ஒளிக் கட்டுப்பாடு உறுதியான அனிமல் ஹவுஸும் இருந்தால், இதைவிடச் செழிப்பான தலைப்பு குறைவு.

## கணினியிலேயே முடிப்பது

ஆய்வாளர்கள் தங்கள் தரவைப் பொதுவில் வைக்கும் ஜியோ, எஸ்ஆர்ஏ தளங்களில் சுண்டெலி எச்சில் சுரப்பியின் ஆர்என்ஏ வரிசைத் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எலியும் சாக வேண்டியதில்லை. எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். அனிமல் ஹவுஸே இல்லாத கல்லூரி மாணவர்களுக்கு இது முழுத் தகுதியுள்ள ஆராய்ச்சி வழி. இரண்டாந்தரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் இந்தத் தரவுகள் பலவற்றில் பாலினம் குறிக்கப்பட்டிருக்காது, அல்லது ஒரு பால் மட்டும் இருக்கும், அல்லது இரண்டையும் கலந்திருப்பார்கள். முதல் வேலையாக எக்ஸிஸ்ட், டிடிஎக்ஸ்3ஒய் ஜீன்களைப் பாருங்கள். முன்னது பெண்ணில், பின்னது ஆணில் வரும். இரண்டும் ஒரே மாதிரியில் வந்தால் கலப்பு. அடுத்து மக்19 என்ற மியூசின் ஜீன். கீழ்த்தாடைச் சுரப்பியும் நாவடிச் சுரப்பியும் ஒரே உறைக்குள் ஒட்டியிருக்கும். பிரித்தெடுத்தவர் கை நழுவியிருந்தால் மக்19 உயர்ந்து காட்டிக்கொடுக்கும். இந்தச் சோதனை சொந்தமாக எலியை அறுப்பவர்களுக்கும் பொருந்தும்.

இன்னொன்று. ஆணின் சுரப்பியில் சில கல்லிக்ரீன் ஜீன்களே மொத்த ரீட்களில் (கருவி படித்த ஆர்என்ஏ துண்டுகளில்) பெரும்பங்கை விழுங்கிவிடும். அப்போது மற்ற ஜீன்கள் குறையாமலே குறைந்ததுபோலத் தெரியும். டிபிஎம் எண்களை (மொத்தத்தில் ஒவ்வொரு ஜீனின் பங்கை) நேரடியாக ஒப்பிடாமல், இந்தச் சாய்வைச் சரிசெய்யும் டிஈசெக்2 போன்ற புள்ளியியல் முறையைப் பயன்படுத்துங்கள். ஒற்றைச் செல் தரவு கிடைத்தால், பிரியாணிச் சிக்கலுக்கு நேரடி விடை தரக்கூடியது அதுதான்.

காரணத்தை நிரூபிக்க மட்டும் இந்த வழி உதவாது. ஹார்மோனா குரோமோசோமா என்ற கேள்வி எழுந்தால், ஆண் பாலைத் தீர்மானிக்கும் எஸ்ஆர்ஒய் ஜீனை ஒய் குரோமோசோமிலிருந்து வேறு குரோமோசோமுக்கு மாற்றிய சிறப்பு சுண்டெலிகள் வேண்டும். அது பெரிய ஆய்வகங்களுக்கே சாத்தியம்.

## வேலூர் வெயிலைக் கணக்கில் வையுங்கள்

எலிக்கு நம்மைப் போல் உடல் முழுக்க வியர்க்காது. சூடு ஏறினால் எச்சிலை ரோமத்தில் பூசிக்கொண்டு, அது உலரும்போது குளிர்ச்சி பெறும். எச்சில் சுரப்பிகளை நீக்கிய ரேட்கள் சூட்டைத் தாங்க முடியாமல் போவது 1960-களிலேயே சோதித்துக் காட்டப்பட்டது. அதாவது நாம் ஆராயும் உறுப்பே எலியின் வியர்வைச் சுரப்பி வேலையையும் செய்கிறது. இது மட்டுமில்லை. ஜிசிடியை வளர்ப்பதில் தைராய்டு ஹார்மோனுக்கும் பங்கு உண்டு, நீடித்த சூட்டில் தைராய்டின் வேகம் குறையும். விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சிசிஎஸ்இஏ-வின் வழிகாட்டுதல் விலங்கு அறைக்குச் சொல்லும் வெப்பநிலை 18 முதல் 29 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40-ஐத் தாண்டும்.

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த இடத்தில் ஒரு மே மாதம் இரண்டு இரவு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் ஏசி அந்த லைனில் இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் மேற்குச் சுவரை ஒட்டிய அடுக்கில் எலிகளின் தாடையும் நெஞ்சும் நனைந்து கிடந்தன. அந்த அடுக்கு முழுவதும் ஆண்கள். பெண்கள் உள்பக்கம், கொஞ்சம் குளிர்ந்த அடுக்கில் இருந்தன. அதற்குப் பிறகு எந்த வேறுபாட்டைக் கண்டாலும் அது பாலினத்தாலா சூட்டாலா என்று பிரிக்க வழியே இல்லை. அந்தத் தொகுதியை முழுவதும் ஒதுக்கிவிட்டோம். பதினெட்டு விலங்குகள் வீணாகப் போனதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அன்றிலிருந்து ஆண் கூண்டும் பெண் கூண்டும் ஒவ்வொரு அடுக்கிலும் மாறிமாறி இருக்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஏசி எந்த லைனில் இருக்கிறது என்பதையும் சேரும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

## யாருக்கு எது?

ஆறு மாதம், அனிமல் ஹவுஸ் உண்டு, எத்திக்ஸ் கமிட்டி கூட்டம் அருகில் இருக்கிறது என்றால் சுண்டெலி, ஈஜிஎஃப், வயதுவாரி ஒப்பீடு. ஆகஸ்டுக்குள் அனுமதி வந்து, அக்டோபருக்கு மேல் விலங்கு எடுத்தால் வெயிலும் தப்பும். அறுவை சிகிச்சை தெரிந்த வழிகாட்டி இருந்தால் காயடித்தல், போலி அறுவை (எதையும் நீக்காமல் கீறித் தைப்பது மட்டும்), டெஸ்டோஸ்டிரோன் திருப்பிக் கொடுத்தல் மூன்று குழுக்களையும் சேருங்கள். போலி அறுவைக் குழு இல்லாத காயடிப்பு ஆய்வுக்கு மதிப்பு இல்லை.

வலி, நொதித் தடுப்பு பக்கம் போக விரும்புபவருக்கு ரேட். நீண்ட பிஎச்டிக்கு ஹாம்ஸ்டர். அனுமதி கிடைக்காதவர், நிரல் எழுதப் பழகியவர், விலங்கைக் கொல்ல மனம் வராதவர் மூவருக்கும் பொதுத் தரவு.

பல் மருத்துவ மாணவர்களுக்குத் தனியாக ஒரு சொல். மனிதரின் கீழ்த்தாடைச் சுரப்பியில் ஜிசிடி கிடையாது. சுண்டெலியில் கண்டதை நோயாளிக்கு அப்படியே பொருத்த முடியாது. உங்கள் ஆர்வம் வாய் உலர்வு, உடலின் எதிர்ப்பாற்றலே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய் என்றால், அந்த நோய் ஆண் ஒருவருக்குப் பெண் ஒன்பது பேர் என்ற அளவில் பெண்களையே தாக்குவதால், இதுபோன்ற நோய் தானாகவே வரும் என்ஓடி இனச் சுண்டெலியைப் பாருங்கள். அதில் பெண்ணுக்கு எச்சில் சுரப்பி அழற்சியும் ஆணுக்குக் கண்ணீர்ச் சுரப்பி அழற்சியும் கூடுதல்.

குடியாத்தம் மாணவி சுண்டெலியைத் தேர்ந்திருக்கிறார். நான்கு வயது, இரு பால், இடது சுரப்பி பிசிஆருக்கு, வலது சுரப்பி ஸ்லைடுக்கு. அனுமதி வரும்வரை சும்மா இருக்காமல் ஜியோவில் ஒரு தரவுத்தொகுப்பை இறக்கி எக்ஸிஸ்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார். 'பெண்' என்று குறித்திருந்த ஒரு மாதிரியில் டிடிஎக்ஸ்3ஒய் வருகிறது என்று நேற்று மாலை பஸ் ஸ்டாண்டிலிருந்தே போன் செய்தார்.